கட்டைவிரலை நிறுத்தும் முகம்

ஒரு மனிதர் காணாமல் போனால் முதலில் அவரைத் தேடக் கூடாது. அவர் முகம் பொதுமக்களுக்குப் பிடிக்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் பெரியவரை முன்கூட்டியே ஒரு நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு காணாமல் போகச் சொல்லியிருப்போம்.

பெரியவர் என்பது என் அக்கா வீட்டுக்காரரின் அண்ணன். அண்ணனும் தம்பியுமாக அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். பெரியவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சும் குறைவு. பயந்துவிட்டால் அந்தக் குறைந்த பேச்சும் நின்றுபோகும், பெயர் கேட்டால்கூடச் சொல்ல வாய் வராது. சின்ன வயதில் கடையில் ஓர் அடுப்பு வெடித்ததிலிருந்து அப்படி ஆகிவிட்டார். அன்றைக்கு அந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது என் அத்தான்தான். பெரியவர் பாய்ந்து வந்து தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தம்பிக்கு ஒரு கீறல் இல்லை. அண்ணனுக்கு இடது கன்னம் முழுக்க வெந்து, காது சுருண்டு, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவரை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காணாமல் போன ஆளுக்கு இதைவிட நல்ல அடையாளம் எங்கே கிடைக்கும் என்று நாங்கள் விவரம் கெட்டு நம்பிக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் கடைக்கு ஒரு ரப்பர் குழாய் வாங்கப் போனவர் திரும்பவில்லை. சாயங்காலம் வரைக்கும் தெருத்தெருவாகப் பார்த்துவிட்டு, அத்தானும் நானும் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் நாங்கள் நீட்டிய படத்தைக் கையால்கூடத் தொடவில்லை.

"படமெல்லாம் இப்ப நாங்க வாங்கறதில்லைங்க. பட இயக்ககத்துக்குக் கொண்டு போங்க."

"தேடறது நீங்கதானே?" என்றார் அத்தான்.

"தேடறது மக்கள். மக்களைத் தேட வைக்கிறது இயக்ககம். நாங்க கிடைச்ச பிறகு வருவோம்."

மக்கள் ஈடுபாட்டுப் பட இயக்ககம் என்பது அதன் முழுப் பெயர். ஊரில் யார் எதைச் சொல்வதானாலும் அதன் இணையப் பக்கத்தில்தான் படத்தோடு போட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. சுவரில் காகிதம் ஒட்டினால் அபராதம். எனக்கு அந்த இயக்ககத்தோடு ஏற்கெனவே ஒரு பழைய பகை உண்டு. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராது என்ற அறிவிப்பை அவர்கள் ஒரு பெரிய அருவியின் படத்தோடு போட்டார்கள். இதயம் இதயமாக வந்து குவிந்தது. நானும் ஒன்று போட்டேன். தெருவில் ஒருத்தரும் ஒரு வாளித் தண்ணீர்கூடப் பிடித்து வைக்கவில்லை. மறுநாள் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அத்தனை பேரும் பேயறைந்த மாதிரி நின்றோம்.

இயக்ககத்தின் வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு மேலே கேமரா. அதைப் பார்த்துச் சிரித்தால்தான் கதவு திறக்கும், டோக்கனும் விழும். நான் சிரித்தேன், விழுந்தது. அத்தான் நின்று நின்று பார்த்தார். அண்ணனைத் தொலைத்துவிட்டு வந்தவர் எங்கே போய்ச் சிரிப்பார்? கதவு அசையவில்லை. காவலாளி நல்ல மனிதர். பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"பல்லைக் காட்டினாப் போதும் சார். மனசும் சேர்ந்து சிரிக்கணும்னு ரூல்ஸ் கிடையாது."

அத்தான் பல்லைக் காட்டினார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் கதவு திறந்துவிட்டது.

உள்ளே பட ஆய்வாளர் என்று ஒரு அம்மா இருந்தார். சின்ன வயது, மெல்லிய குரல், கோபமே வராத முகம். பெரியவரின் படத்தை மேசைமேல் வைத்து, ஒரு கட்டைவிரலால் மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்தார். கட்டைவிரல் எங்கேயும் நிற்காமல் படத்தைக் கடந்து மேசை விளிம்புக்குப் போய்விட்டது.

"பாத்தீங்களா, நிக்க மாட்டேங்குது," என்றார் வருத்தமாக. "பின்னாடி என்ன, இவ்வளவு கரி?"

"கடைங்க மேடம். அடுப்பு ரிப்பேர்."

"சட்டை கலரே தெரியலையே. ஏன் இப்படி முறைக்கறார்?"

"முறைக்கலைங்க. அவருக்கு முகமே அப்படித்தான். படம் எடுக்க விடவே மாட்டார். இதுகூட அவருக்குத் தெரியாம எடுத்தது."

"வேற படம்?"

"வேற இல்லைங்க."

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். எங்களுக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே மனசு இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல இதைவிடக் கொஞ்சம் பாக்கறதுக்கு நல்லா இருக்கறவங்க யாராவது காணாமப் போயிருக்காங்களா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இல்லை மேடம், இப்போதைக்கு இவர் ஒருத்தர்தான். வேணும்னா அடுத்த தடவை அழகா இருக்கறவங்களாப் பார்த்துத் தொலைக்கிறோம்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொண்டார்.

எங்கள் விஷயம் சிக்கலானது என்பதால் இயக்குநரிடமே அனுப்பினார்கள். இயக்குநர் அறையில் நாற்காலிகளைவிடத் திரைகள் அதிகம். ஒவ்வொரு திரையிலும் ஏதோ ஒரு எண் ஏறிக்கொண்டிருந்தது. அவர் எங்களோடு பேசும்போதும் கண் அந்த எண்கள் மேலேயே இருந்தது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேசுகிறவர்களைப் போல.

"உக்காருங்க. உங்க வேதனை எங்களுக்குப் புரியுது. ஆனா மக்கள்கிட்ட வேதனையை அப்படியே நீட்ட முடியாது பாருங்க. ஒரு மனுஷன் சாப்பிட்டுக்கிட்டு, பஸ்ல தொங்கிக்கிட்டு, படுத்துக்கிட்டு நம்ம பக்கத்தைத் தள்ளிக்கிட்டே வர்றான். அவன் கட்டைவிரல் நின்னாத்தான் கண்ணு நிக்கும். கண்ணு நின்னாத்தான் கருணை. நாங்க கருணைக்கு எதிரி இல்லை. கருணையோட வரிசையைத்தான் சொல்றோம். கட்டைவிரலுக்கு முன்னாடி அது வராது."

"சரிங்க சார். அண்ணன் கிடைச்சாப் போதும்," என்றார் அத்தான்.

"கிடைக்கிறது ரெண்டாவது. முதல்ல அவர் போய்ச் சேரணும்."

அத்தான் திடுக்கிட்டார். மக்களிடம் போய்ச் சேர்வது என்று இயக்குநர் விளக்கினார்.

உடனே வேலை நடந்தது, அதில் குறை சொல்ல முடியாது. அரசாங்க அலுவலகத்தில் அவ்வளவு சுறுசுறுப்பை நான் பார்த்ததே இல்லை. எங்கள் கண் முன்னாலேயே பெரிய திரையில் பெரியவரைப் போட்டார்கள். முதலில் கடை போயிற்று. அந்த இடத்தில் ஒரு தோட்டம் வந்தது. கரிச் சட்டை இளநீலச் சட்டையாயிற்று, நீலத்துக்கு நம்பகத்தன்மை அதிகமாம். நரை பாதி குறைந்தது. காலடியில் ஒரு நாய்க்குட்டி வந்து உட்கார்ந்தது. அப்புறம் அந்த அம்மா கன்னத்துக்கு வந்தார். ஒரு வட்டமான குறியை வைத்துத் தேய்த்தார். துணியால் கறையைத் துடைப்பதுபோலத் தழும்பு போய்விட்டது. சுருண்ட காது விரிந்தது. வாயை இழுத்து நேராக்கி, கொஞ்சம் சிரிக்க வைத்தார்.

அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மேடம், அந்தத் தழும்பை எடுக்காதீங்க. அதை வெச்சுத்தான் அவரை அடையாளம் தெரியும்."

"அது இருந்தா படம் பாதிப் பேருக்குப் போகாது சார். மனசைச் சங்கடப்படுத்துற படம்னு மெஷினே மறைச்சுடும்."

"அது என் முகத்துல இருந்திருக்க வேண்டியதுங்க."

அந்த அம்மாவுக்கு இது விளங்கவில்லை. நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. இயக்குநரும் உருகிப்போனார். "ரொம்ப நல்ல விஷயமாச்சே. தலைப்புல போடுவோம். 'தம்பியைக் காத்த அண்ணன்'." எழுதச் சொன்னார். எழுதினார்கள். எந்தக் காயத்தைக் கண்டு அது தெரியுமோ அந்தக் காயம் மட்டும் படத்தில் இல்லை.

"இது எங்க அண்ணன் இல்லைங்க சார்."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க. உங்க அண்ணனை உங்களுக்குப் பிடிக்கும், நியாயம். முன்பின் தெரியாதவங்களுக்கும் பிடிக்க வேண்டாமா? கையெழுத்து போடுங்க. போடலைன்னா படமே போகாது. உங்க இஷ்டம்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

படம் அன்றைக்கே வெளியானது. எண் ஏறத் தொடங்கியது. எங்கள் தெருவில் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக ஒவ்வொருவராக வந்து அக்காவிடம் படத்தைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோர் செல்போனிலும் பெரியவர். ஆனால் பெரியவர் இல்லை. அக்கா ஒரு தடவை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "யார்டா இது, டாக்டரா?" என்று என்னைக் கேட்டாள்.

படத்துக்குக் கீழே மக்கள் எழுதினார்கள். சட்டை எந்தக் கடை என்று பாதிப் பேர். நாய்க்குட்டி என்ன ஜாதி, விற்பனைக்கா என்று மீதிப் பேர். பெரியவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்த பெண்மணிகளும் உண்டு. பாவம், இருந்தவரைக்கும் ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தோட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்க்க ஒரு கூட்டம் தயாராக இருந்தது.

இயக்ககம் விடவில்லை. ஒரு படத்துக்கு இவ்வளவு என்றால் இன்னும் நாலு போடலாமே. பெரியவர் குடை பிடித்துக்கொண்டு, பெரியவர் ஜன்னலோரமாக, பெரியவரும் நாய்க்குட்டியும் கடற்கரையில். நாய்க்குட்டி மட்டும் தனியாக ஒரு படம் வந்தது, அதன் கீழே 'இவனும் காத்திருக்கிறான்' என்று. அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக இதயம். பெரியவர் வாழ்நாளில் நாய் வளர்த்ததில்லை. நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. அத்தானும் நானும் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையம், சந்தை, பூங்கா என்று அலைந்தோம். படத்தைக் காட்டினால் ஜனங்கள் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். "இது அவர் இல்லையே. அந்த அண்ணன் ரொம்ப லட்சணமா இருப்பாரே." ஒரு பழக்கடைக்காரர் எங்களையே திட்டினார். "ஒரு நல்ல மனுஷனைத் தேடறாங்க, அதுல போய் விளையாடறீங்களே. உங்களுக்கெல்லாம் அண்ணன் தம்பி இல்லையா?" அத்தான் படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் என் போனிலிருந்து அசல் படத்தைப் போட்டேன். சங்கடப்படுத்தும் படம் என்று மறைத்தார்கள். மறுபடி போட்டேன். போலித் தேடல் என்று முத்திரை குத்தி என் கணக்கையே மூடிவிட்டார்கள்.

இதற்கிடையில் பெரியவர் கிடைத்துவிட்டார். ஒரு கும்பல் ஆரவாரத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றது. நடுவில் ஒரு மனிதர், இளநீலச் சட்டை, சிரித்த முகம், படத்தில் இருந்தவரை அச்சில் வார்த்தாற்போல. ஓடி வந்த அத்தான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வந்தவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வேலைக்குப் போகிற வழியில் பிடித்துக்கொண்டார்களாம்.

"ஐயா, நான் இல்லைங்க, நான் இல்லைங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ஞாபகம் போயிடுச்சு போல, பாவம்னு சொல்லித் தூக்கிட்டு வந்துட்டாங்க," என்றார். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

டீயை அவர் முடிப்பதற்குள் இயக்குநரே வந்துவிட்டார், பின்னால் கேமராவோடு அந்த ஆய்வாளர் அம்மா. நடந்ததைச் சொன்னோம். இயக்குநர் ஏஜென்டைச் சுற்றி வந்து பார்த்தார். "முகம் சரியாப் பொருந்துதே," என்றார்.

"ஆள் வேறங்க," என்றேன்.

"ஆள் வேறதான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா மக்கள் இவ்வளவு தூரம் ஈடுபட்டு, தூக்கிட்டு வந்து கொடுத்திருக்காங்க. அவங்க மனசை நோகடிக்கலாமா? ஒரு ரெண்டு நாள் வெச்சுக்குங்களேன். கட்டிப்பிடிச்ச மாதிரி ஒரு படம் எடுத்துடறோம்."

ஏஜென்ட் அழத் தொடங்கிவிட்டார். வீட்டில் மனைவி தேடுவாள் என்றார். அவள் தேடினால் இயக்ககத்துக்கு வரட்டும், இரண்டாவது பதிவாகப் போட்டுவிடலாம் என்றார் இயக்குநர். அக்காதான் பின்பக்கக் கதவைத் திறந்து அவரை அனுப்பிவைத்தாள். போகும்போது அவர் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணன் சீக்கிரம் வந்துடுவார்ங்க" என்றார். இத்தனை ஆயிரம் பேரில் அப்படி நேரில் சொன்னது அவர் ஒருவர்தான்.

அதற்கப்புறம் ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏற்கெனவே போன் போட்டுக் கேட்டிருந்தோம், படத்தில் இருக்கிறவர் அங்கே இல்லை என்றுதான் சொன்னார்கள். அத்தானுக்கு மனசு கேட்கவில்லை. பொதுவார்டில் ஒரு நர்ஸ் இருந்தார். அத்தான் பழைய படத்தை நீட்டியதும் அவர் கையிலிருந்த மருந்துத் தட்டைப் பக்கத்துக் கட்டிலில் வைத்துவிட்டார்.

"இவரா?"

"பாத்திருக்கீங்களா அம்மா?"

"இங்கதான் இருந்தார். ரோட்டுல மயங்கிக் கிடந்தார்னு கொண்டு வந்தாங்க. பேரு கேட்டா பேசலை. 'தம்பி வருவான், தம்பி வருவான்'னு அது மட்டும் சொல்வார்." அவர் ஓரத்துக் காலிக் கட்டிலைப் பார்த்தார். "நேத்து காலையில போயிட்டார்."

அத்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் அவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். ஊரே தேடுகிற நீலச் சட்டைக்காரர் இவர்தான் என்று நான் சொன்னதும், தானும் கீழே, கட்டில் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"காணாமப் போன அந்த அண்ணன் படத்தை நான் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் தெரியுமா? வார்டுல எல்லார்கிட்டயும் காட்டினேன். இவர்கிட்டயும் காட்டினேன். 'ஐயா, இந்த ஆளை எங்கயாவது பாத்திருக்கீங்களா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரொம்ப நேரம் பாத்தார். இல்லைன்னு தலையாட்டினார்."

அத்தான் அந்த நர்ஸின் தலைமேல் கை வைத்து, "உங்க மேல தப்பில்லைம்மா" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ எனக்குத் தெரியாது. எனக்கு அந்த இடத்தில் யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது, அடிக்க யாரும் இல்லை.

பிணவறைப் பொறுப்பாளர் பெரியவரை வெளியே இழுத்துக் காட்டினார். கன்னம், காது, வாய் எல்லாம் அப்படியே இருந்தது. அத்தான் அந்தத் தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம் பொறுப்பாளர் ஒரு சின்னக் கேமராவால் பெரியவர் முகத்தைப் படம் பிடித்து, பெயரைத் தட்டினார். இயந்திரம் பொருந்தவில்லை என்றது.

"பதிவுல இருக்கற முகம் வேற," என்று திரையைத் திருப்பிக் காட்டினார். தோட்டம், நீலச் சட்டை, நாய்க்குட்டி. "நான் கொடுக்க முடியாதுங்க. இந்தப் பேருக்கு இந்த முகம்தான் செல்லும்."

"அவரோட அடையாள அட்டையைப் பாருங்க. வீட்ல இருக்கு, கொண்டு வர்றேன்," என்றேன்.

"அட்டை எதுக்கு? பதிவேட்டுலயும் இந்தப் படத்தையே மாத்திட்டாங்க. எல்லா இடத்துலயும் ஒரே முகம் இருக்கணும்னு உத்தரவு." அவரும் சங்கடத்தோடுதான் பேசினார். "படத்தை நாங்கதான் மாத்தினோம்னு இயக்ககத்துல ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. அடுத்த நிமிஷம் கொடுத்துடறேன்."

ஒரு வரிக்காக ஓடினோம். வாசலில் கேமரா, கதவு. அத்தான் இந்தத் தடவை பல்லைக் காட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியே நின்றார். காவலாளி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே கேமரா முன்னால் போய்ச் சிரித்து எங்களை உள்ளே விட்டார்.

இயக்குநர் நாங்கள் சொன்னதைக் கேட்டுக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னால நம்பவே முடியலை. நேத்துதான் இந்த வருஷத்தோட சிறந்த மக்கள் ஈடுபாட்டு விருதுக்கு அவர் பேர் போயிருக்கு."

"ஒரு வரி எழுதிக் கொடுங்க சார். படம் மாத்தினதுன்னு. எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணிடறேன்," என்றார் அத்தான்.

"யோசிச்சுப் பாருங்க. இயக்ககம் மாத்தின படத்தைப் போட்டுதுன்னு நானே எழுதிட்டா, நாளைக்கு மக்கள் எந்தப் படத்தை நம்புவாங்க? அடுத்துக் காணாமப் போற ஒருத்தரோட கதி என்ன? உங்க ஒருத்தர் துக்கத்துக்காக ஊரோட நம்பிக்கையை நான் எப்படிப் பலி கொடுக்க முடியும்?"

"அவர் செத்துப்போயிட்டார் சார்."

"உங்களுக்கு. மக்களைப் பொறுத்தவரைக்கும் அவர் இன்னும் தேடப்பட்டுக்கிட்டு இருக்கார். எவ்வளவு பெரிய விஷயம் அது. உயிரோட இருக்கறவங்களையே இங்க யாரு தேடறாங்க? நீங்க பெருந்தன்மையா இருங்க. அவர் இப்ப உங்களுக்கு மட்டும் அண்ணன் இல்லை."

ஆய்வாளர் அம்மா ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை, தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதேதோ கத்தினேன். மேசையைத் தட்டினேன். ஒரு திரைகூட அணைந்தது. என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அத்தான் பின்னாலேயே வந்தார். கடைசிப் படியில் நின்று, "விடு மாப்ளே. குளிர்ல கிடக்கார்" என்றார்.

பிணவறைப் பொறுப்பாளர்தான் வழி சொன்னார். யாரும் கேட்டு வராத உடல்களைத் தொண்டர்கள் எடுத்துப் போய் அடக்கம் செய்யலாம். அதற்கு உறவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உறவு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

அத்தான் எழுதிக் கொடுத்தார். 'மேற்படி நபர் எனக்கு முன்பின் தெரியாதவர். மனிதாபிமான அடிப்படையில் செய்கிறேன்.' ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். நான்தான் பக்கத்தில் நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

அக்காவும் வந்தாள். அந்த நர்ஸ் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். இடுகாட்டில் வேறு யாரும் இல்லை. குழி தயாராக இருந்தது. பெரியவரை இறக்கும்வரை அத்தான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கயிற்றை அவரே பிடித்தார், மண்ணையும் அவரே தள்ளினார். முகத்தின்மேல் மண் விழுகிற நேரத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, குழி ஓரத்தில் குப்புற விழுந்து, "அண்ணா, என்னைத் தெரியலையா" என்று கேட்டு அழுதார். நான் அவரைத் தூக்கப் போனேன். அக்கா வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தொண்டர் அடக்கங்களும் இயக்ககத்தின் கணக்கில்தான் வருகின்றன என்பது எங்களுக்குத் தெரியாது. மரத்துக்குப் பின்னாலிருந்து கேமராவோடு ஆய்வாளர் அம்மா வந்தார். அத்தானை அடையாளம் கண்டுகொண்டதும் கேமராவைக் கீழே தாழ்த்திவிட்டார். பின்னாலேயே வந்த இயக்குநர் அதை அவர் கையிலிருந்து வாங்கி, ஏற்கெனவே எடுத்ததைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அருமை. இதுல எதையும் தொட வேண்டாம். அப்படியே போடுங்க," என்றார்.

அப்படியே போட்டார்கள். அத்தானின் கரிச் சட்டை, மண் ஒட்டிய முகம், அழுகையில் கோணிய வாய், பின்னால் தோட்டம் கிடையாது, நாய்க்குட்டி கிடையாது. இயந்திரம் மறைக்கவில்லை. 'முன்பின் தெரியாத ஒருவருக்காக' என்று தலைப்பு. ஊரில் இருந்த அத்தனை கட்டைவிரலும் நின்றது. விருது கடைசியில் அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. பெரியவர் படம் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது, அவரைத் தேடுவது மட்டும் இன்றைக்கும் நடக்கிறது.

கடையில் ஒரு நாள் அத்தான் அடுப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்துக்குக் கீழே ஜனங்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்ல இஷ்டமில்லை. திரும்பக் கேட்டார். கை கரியாக இருந்ததால் என்னையே படிக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலே, அதிக இதயம் வாங்கியிருந்த வரியைப் படித்தேன்.

"'கூடப்பிறந்த தம்பிகூட இப்படி அழ மாட்டான்'னு எழுதியிருக்காங்க அத்தான்."

அவர் கையில் இருந்த பர்னரைக் கீழே வைத்தார். அப்புறம், இன்னொரு தடவை படி என்றார்.